ஒரே சுவருக்கு மூன்று மென்பொருள்

மாலையில் நான் போய் உட்காரும் இடம் என் தங்கை மகனின் அலுவலகம். குளச்சலில் வீட்டு பிளான் வரைந்து கொடுக்கிறான். போன வாரம் நான் போனபோது ஒரு தாளில் மூன்று பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டோகேட் எல்.டி., முழு ஆட்டோகேட், ரெவிட். ஒவ்வொன்றின் எதிரிலும் ஆண்டு வாடகை.

"மாமா, மூணுலயும் சுவர் வரையலாம், மூணுலயும் கதவு வைக்கலாம். ஆனா ஒண்ணுல உள்ள வசதி மத்ததுல இருக்காது. மூணும் ஒரே கம்பெனிதான். எதுக்குப் பணம் கெட்டணும்னுதான் தெரியல" என்றான்.

வயதான நமக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று முறையில் இணையம் வழியாகவே அனுமதி பெறலாம். டிரேசிங் பேப்பரில் வரைந்து, அம்மோனியா பிரிண்ட் எடுத்து, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்த காலம் போய்விட்டது. பேரனுக்கு மாடி எடுக்க வேண்டுமென்றாலும் பிளான் கம்ப்யூட்டரில்தான் பிறக்கிறது. அந்த மென்பொருளின் வாடகை, பிளான் கூலியில் சேர்ந்து கடைசியில் நம் தலையில்தான் வந்து விழும்.

ஆட்டோடெஸ்க் அமெரிக்க நிறுவனம். 1982-ல் தொடங்கியது, அதே ஆண்டு வந்ததுதான் ஆட்டோகேட். அதற்குத் தெரிந்தது கோடு மட்டும். இரண்டு கோடு போட்டால் சுவர் என்று நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். 1998-ல் அதன் மேலேயே கட்டிடக் கலைஞர்களுக்கென்று இன்னொன்றைக் கொண்டு வந்தார்கள். அதில் சுவர் சுவராகவே இருந்தது. கதவை வைத்தால் சுவர் தானே வழி விடும். நான்கு ஆண்டு கழித்து, 2002-ல், ரெவிட் என்ற மென்பொருளை உருவாக்கிய நிறுவனத்தை 133 மில்லியன் டாலருக்கு வாங்கினார்கள். ரெவிட்டில் வீடு முழுவதும் ஒரே உருவமாக இருக்கும். ஒரு ஜன்னலை நகர்த்தினால் பிளான், எலிவேஷன், செக்‌ஷன், ஜன்னல் பட்டியல் எல்லாம் கூடவே மாறிவிடும்.

ஆக, ஒரே கடையில் ஒரே வேலைக்கு மூன்று கருவி. ஒன்றை நிறுத்தினால் அதற்குப் பழகியவர்கள் கோபிப்பார்கள். எல்லாவற்றையும் வளர்த்தால் செலவு. அதனால் புதிய வசதிகளை இதற்குக் கொஞ்சம், அதற்குக் கொஞ்சம் என்று பங்கு வைக்கிறார்கள். ஒரு நல்ல உதாரணம் சொல்கிறேன். திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை ஒரே கட்டளையில் முடிக்க நாமே எழுதிக்கொள்ளும் ஆட்டோலிஸ்ப் என்ற வசதி 1986-லேயே ஆட்டோகேட்டுக்கு வந்துவிட்டது. விலை குறைந்த எல்.டி. 1993-ல் பிறந்தது. அதற்கு இந்த வசதி கிடைத்தது 2023-ல். முப்பது ஆண்டு!

அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் தள்ளிய எனக்கு இது பழக்கப்பட்ட கதைதான். ஒரு சலுகைக்கு அரசாணை வரும். ஒரு துறைக்கு உடனே பொருந்தும். அதே வேலையைப் பார்க்கும் இன்னொரு துறைக்காரருக்கு, "தனியே ஆணை பிறப்பிக்கப்படும்" என்று பதில் வரும். அவர் ஓய்வு பெறும் வரை அந்த ஆணை வராது.

நிறுவனத்தின் பக்கத்திலும் நியாயம் உண்டு. மதில் சுவர் மட்டும் வரைகிறவன் விமான நிலையம் வரைகிறவனின் பணத்தைக் கட்ட வேண்டியதில்லை. கோடு மட்டும் தெரிந்த மென்பொருளுக்குள் ரெவிட்டின் மூளையைக் கொண்டு போய் வைப்பதும் எளிதல்ல. 2018-ல் கட்டிடம், மின்சாரம், இயந்திரம் என்று தனித்தனியாக விற்ற பல ஆட்டோகேட்களை ஒரே சந்தாவுக்குள் கொண்டு வந்தார்கள். அது நல்ல காரியம்.

ஆனால் 2016-ல் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. ஒருமுறை பணம் கட்டி வாங்கி, காலமெல்லாம் வைத்துக்கொள்ளும் உரிமத்தைப் புதிதாக விற்பதை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு எல்லாம் வாடகைதான். சொந்தமாக வாங்கிய பொருளில் ஒரு வசதி குறைந்தால், இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம். வாடகைப் பொருளில் அடுத்த ஆண்டுக்கும் பணம் கட்டினால்தான் இருப்பதே நிலைக்கும். பங்கு வைத்துக் கொடுப்பது அப்போதுதான் உறுத்துகிறது.

உறுத்தல் சிறிய ஆட்களுக்கு மட்டுமல்ல. 2020 ஜூலையில் சாஹா ஹதீத், கிரிம்ஷா போன்ற பெயர் பெற்ற பிரிட்டிஷ் கட்டிடக்கலை நிறுவனங்கள் சேர்ந்து ஆட்டோடெஸ்க்குக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதின. விலை ஏறுகிறது, ரெவிட் வளரவில்லை என்பது சாரம். கட்டிடக்கலைக்கான வசதிகள் வேண்டிய வேகத்தில் வளரவில்லை என்பதை நிறுவனத் தலைவரே ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு நவம்பரில் ஸ்பேஸ்மேக்கர் என்ற நார்வே நிறுவனத்தை 240 மில்லியன் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தார்கள். மனையில் வெயில், காற்று, இரைச்சல் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே பார்க்கும் மென்பொருள் அது. 2023-ல் அதை ஃபார்மா என்ற புதுப் பெயரில் கொண்டு வந்தார்கள். வரிசையில் இன்னொரு கருவி சேர்ந்தது.

பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ரெவிட் என்பது "உடனே திருத்து" என்ற பொருளுள்ள இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து வைத்த பெயர். என் கண்ணுக்கோ அது பிரெஞ்சு வினைச்சொல்லாகவே தெரிகிறது. "மறுபடி உயிர் வாழ்கிறான்" என்றும் பொருள், "மறுபடி பார்த்தான்" என்றும் பொருள். அந்தக் கடிதம் எழுதியவர்கள் கேட்டதும் அதைத்தானே!

என் கருத்து இதுதான். வேலைக்கேற்றபடி கருவிகள் பலவாக இருக்கட்டும். ஆனால் எல்லோருக்கும் வேண்டிய அடிப்படை வசதி எல்லாக் கருவியிலும் ஒரே நேரத்தில் வர வேண்டும். எது எதில் வரும், எதில் வராது என்பதைப் பணம் கட்டும் முன்பே தெளிவாகச் சொல்ல வேண்டும். புதிய பதிப்பில் சேமித்த ரெவிட் கோப்பைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது என்ற நிலையும் மாற வேண்டும். கோப்பு நம்முடையது; அதன் சாவி மட்டும் ஏன் இன்னொருவர் கையில்?

நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பிளான் வாங்கும்போது பி.டி.எஃப். கோப்பையும், வேறு நிறுவனங்களின் மென்பொருள்களிலும் திறக்கக்கூடிய டி.டபிள்யூ.ஜி. கோப்பையும் கேட்டு வாங்குங்கள். ஒரு பிரிண்ட் எடுத்துப் பத்திரத்தோடு வையுங்கள். காகிதத்துக்கு இன்னும் யாரும் வாடகை கேட்கவில்லை.

மருமகன் இந்த ஆண்டுக்கு எல்.டி.யே போதும் என்று முடிவு செய்திருக்கிறான். "அடுத்த வருஷம் பார்க்கலாம் மாமா" என்கிறான். வாடகைக்கு விடுகிறவருக்கும் அதுதானே வேண்டும்.