வயலின் ஓரம் யாருக்கு?



லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை உண்டு. அறுவடைக்காரன் வயலின் ஓரம்வரை அரிவாளை ஓட்டலாகாது. கீழே விழுந்த கதிரைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளலாகாது. அவை ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியவை. இப்பகுதியை நாம் எவ்விதம் பிரசங்கிக்கிறோம்? வயல் உலகம், கதிர் ஆத்துமா, ஓரம் சுவிசேஷம் எட்டாத இடம் என்கிறோம். நானும் அவ்விதமே பிரசங்கித்ததுண்டு. சபையார் ஆமென் என்றார்கள். ஆனால் அந்தப் பிரசங்கத்தினால் ஓர் ஏழைக்கும் ஒரு பிடி தானியம் கிடைக்கவில்லை.

இதையே இன்று எதிர்த்து எழுதுகிறேன். ஞானார்த்தம் கட்டளையின்மேல் கட்டப்படலாம், கட்டளையை விழுங்கலாகாது.

யூத ரபிமார் இக்கட்டளையைக் கையாண்ட விதத்தைப் பாருங்கள். மிஷ்னாவில் வயலின் ஓரத்தைக் குறித்தே தனியொரு பகுதி உண்டு. அறுபதில் ஒரு பங்குக்குக் குறையாமல் விடவேண்டும் என்று அங்கே அளவு குறித்திருக்கிறார்கள். எழுத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் என்று அவர்களை நாம் இகழுகிறோம். அந்த எழுத்தோ ஏழையின் வீட்டில் அப்பமாயிற்று!

யூதரிலும் ஞானார்த்தத்தை நாடினவர்கள் உண்டு. முதலாம் நூற்றாண்டில் அலெக்சந்திரியாவில் வாழ்ந்த பிலோ அவர்களில் தலையாயவர். ஆயினும், உட்பொருளை அறிந்துகொண்டோம் என்று கட்டளையைக் கைவிட்டவர்களை அவரே கடிந்துகொண்டார். நேர்ப்பொருள் சரீரம், உட்பொருள் ஆத்துமா. ஆத்துமா குடியிருக்கும் சரீரத்தைப் பேணாதிருக்கலாமோ என்பது அவருடைய வாதம்.

பர்னபாவின் நிருபம் என வழங்கும் பழைய கிறிஸ்தவ நூலோ வேறு வழியில் சென்றது. ஆபிரகாமின் 318 ஊழியரைக் கிரேக்க எழுத்துகளாக மாற்றி, இயேசுவின் நாமத்தையும் சிலுவையையும் அதில் கண்டது. ஆதியாகமம் எபிரெயத்தில் அல்லவோ எழுதப்பட்டது! சிறைப்பட்ட லோத்தை மீட்கப் புறப்பட்ட மனிதர் அங்கே வெறும் எண்ணாகிப் போனார்கள். அந்நூல் அதோடு நிற்கவில்லை. யூதர் மோசேயைப் புரிந்துகொள்ளவே இல்லை என்றும் சாதித்தது. வேதத்தை நமக்குக் காத்துத் தந்த ஜனத்தின் கையிலிருந்தே அதைப் பறிக்கும் வாசிப்பு இது.

"பவுல் ஆகாரையும் சாராளையும் ஞானார்த்தமாய்ச் சொல்லவில்லையா?" என்று கேட்பீர்கள். சொன்னார். போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டாதே என்னும் பிரமாணத்தையும் ஊழியருக்குப் பொருத்தினார். ஆனால் அதன் முடிவு என்ன? உழைக்கிறவனுக்கு ஆகாரம் உண்டு என்பதே. மாட்டுக்குக் கிடைத்த இரக்கம் மனிதனுக்கும் விரிந்தது. ஞானார்த்தத்தைச் சோதிக்கும் உரைகல் இதுவே: அது கீழ்ப்படிதலை விரிவாக்குகிறதா, நம்மைத் தப்புவிக்கிறதா?

போவாஸ் நம்மைப்போல் வியாக்கியானம் செய்திருந்தால், மோவாபியப் பெண்ணாகிய ரூத் பெத்லகேமில் வெறுங்கையோடே வீடு திரும்பியிருப்பாள். அவனோ கட்டளைக்கு நேராய்க் கீழ்ப்படிந்தான். அதற்கு மேலும் செய்தான். அவர்களுடைய வம்சத்தில் தாவீது பிறந்தான். நம்முடைய மீட்பரும் வந்தார்.

பிரியமானவர்களே, வயல் இல்லாதவருக்கும் வருமானம் உண்டு. இந்த வாரம் உட்பொருள் தேடுமுன்னே, உங்கள் வருமானத்தின் ஓரத்தை யாருக்காக விட்டிருக்கிறீர்கள் என்று எண்ணிப்பாருங்கள்.

கர்த்தர்தாமே நம்மைக் கீழ்ப்படியப்பண்ணுவாராக. ஆமென்.