தோட்டத்து வைத்தியர் காட்டிய யோகநெறி

ஆண்டுதோறும் ஜூன் 21ஆம் நாளை உலக யோகா தினமாகக் கொண்டாடும் வழக்கம் 2015 முதல் நிலவி வருகின்றது. அன்று பாடசாலை மைதானங்களிலே மாணவர் வரிசையாக நின்று கைகால்களை நீட்டி மடக்குகின்றனர். மறுநாள் யாவும் மறந்துபோகின்றன. யோகமென்பது இவ்வளவுதானா என்று வினவ மலையகத்தவராகிய எமக்குத் தனியானதோர் உரிமை உண்டு. சென்ற நூற்றாண்டில் யோகத்தை உலகறியச் செய்த பேராசான்களுள் ஒருவராகிய சுவாமி சிவானந்தர், துறவு பூணுமுன் எம்மவரை ஒத்த தோட்டத் தொழிலாளருக்கு மருந்து கொடுத்து வாழ்ந்தவர்.

கோரைப்பாய்க்குப் பேர்போன திருநெல்வேலிச் சீமைப் பத்தமடையிலே 1887இல் பிறந்த குப்புசாமி, தஞ்சையில் வைத்தியம் பயின்று, 1913இல் மலாயா சென்றார். ஆங்கு இறப்பர் தோட்டமொன்றின் வைத்தியசாலையிற் பணியாற்றினார். அத்தோட்டங்களிலே பால்வெட்டிய தமிழரும், எமது மலைகளிலே கொழுந்து பறித்த எம் முன்னோரும் ஒரே மண்ணிலிருந்து, கங்காணிமார் சொல்லை நம்பிக் கப்பலேறியவர்களே. ஏழைகளிடம் பணம் வாங்காது மருந்து கொடுத்ததோடு, பத்தியச் செலவுக்குத் தம் கைப்பொருளையும் ஈந்த வைத்தியர் அவர். உடற்பிணியைத் தீர்த்த பின்னரும் மனிதரை விட்டு நீங்காத துயரம் யாது என்ற சிந்தனையே அவரைத் துறவுக்கு ஈர்த்தது. 1923இல் மலாயாவை விட்டு நீங்கியவர், மறு ஆண்டு இருஷிகேசத்திலே சந்நியாசம் பெற்றார்.

ஆயின், காவி உடுத்த பின்னரும் அவர் மருந்துப் பெட்டியைக் கைவிட்டாரல்லர் என்பதே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. 1927இல் இலட்சுமண்ஜூலாவிலே இலவச மருந்தகம் ஒன்றைத் தொடங்கி, யாத்திரிகருக்கும் நோயுற்ற சாதுக்களுக்கும் பணிசெய்தார். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். கருமம், பக்தி, தியானம், ஞானம் ஆகிய நால்வழியையும் ஒன்றிணைத்துப் போதித்த அவர், சாதகனுக்கு வகுத்த படிவரிசையில் சேவையை முதலிலும் தியானத்தைப் பின்னரும் வைத்தார். பிறர்க்கு உழைத்து அகந்தை தேய்ந்தாலன்றி, கண்மூடி இருப்பதாற் பயனில்லை என்பது அதன் கருத்து.

1950இல் சுவாமிகள் இலங்கைக்கும் எழுந்தருளினார். 1953இல் அவர்தம் சீடர் சச்சிதானந்தர் இந்நாட்டுக்கு அனுப்பப்பெற்று, திருகோணமலையிலும் பின்னர் கண்டியிலும் தபோவனம் அமைத்தார். அதே சச்சிதானந்தரே 1969இல் அமெரிக்காவின் வூட்ஸ்டொக் இசைவிழாவிலே இலட்சக்கணக்கான இளைஞர்முன் தொடக்கவுரை நிகழ்த்தியவர். மற்றொரு சீடர் விஷ்ணுதேவானந்தர் 1957இல் மேனாடு சென்று யோக நிலையங்களை நிறுவினார். இங்ஙனம் கடல்கடந்த அந்நெறி, கண்டிக்கு அணித்தாயுள்ள ஹற்றன், நுவரெலியா மலைகளின் லயங்களிலே எத்துணை வேரூன்றிற்று? இவ்வினாவை நாம் எம்மையே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

காலைப் பிரட்டு முதல் மாலை நிறுவை வரை, மழையிலும் பனியிலும் முதுகிற் கூடையைச் சுமந்து மலையேறும் தாயிடம், ஆசனம் பயின்று அமைதி பெறுக என உபதேசிப்பது நகைப்புக்கிடமாகும். நியாயமான கூலிக்கும், ஒழுகாத கூரைக்கும், சொந்தமான காணிக்கும் யோகம் ஈடாகாது. நோயாளிக்கு முதலில் மருந்தையே கொடுத்த சிவானந்தரும் இதனை நன்குணர்ந்திருப்பார். எனினும், ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் வீணென்பது எமது கருத்தன்று. மதுவால் சீரழியும் இளைஞருக்கும், பரீட்சைக் கவலையால் உறக்கமிழக்கும் மாணவருக்கும் அவை உற்ற துணையாகும். அவற்றைக் கற்பிப்போர் சேவையால் மக்களின் நம்பிக்கையைப் பெற்றவராயிருத்தல் வேண்டும் என்பதே எமது துணிபு.

இங்கே பழைய மாணவராகிய எம் குறையையும் மறைத்தல் தகாது. பெற்றோர் பறித்த கொழுந்திலே படித்தோம். பட்டமும் பதவியும் பெற்றதும் கொழும்புக்கும் அதற்கப்பாலும் சென்றோம். புதிய இடங்களிலே ஊர் யாதென வினவியோருக்குத் தோட்டத்தின் பெயரைச் சொல்லக் கூசி, அருகிலுள்ள நகரத்தின் பெயரைச் சொன்னவர் எம்முள் இலரா? தோட்டத்து வைத்தியராயிருந்ததை ஒருபோதும் இழிவெனக் கருதாத மகானை நினைக்கும்போது, அக்கூச்சமே நாம் முதலில் நீக்கவேண்டிய மலம் எனத் தோன்றுகின்றது.

ஆதலின், விழாவுக்கு வாயிலும் வளைவும் கட்டுவதோடு அமையாது, ஒரு நற்பணியையும் தொடங்குவோமாக. மாதத்தில் ஒரு சனிக்கிழமையை எம்முள் வைத்தியர் நோயாளிகளுக்கும், ஆசிரியர் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் பின்தங்கிய பிள்ளைகளுக்கும், எழுத்து வேலை அறிந்தோர் விண்ணப்பமும் பத்திரமும் எழுதத் தெரியாத முதியோருக்கும் அளிப்பாராக. அன்று மாலை, கற்றவரும் கல்லாதவரும் ஒரே பாயிலமர்ந்து சிறிதுநேரம் மூச்சைச் சீர்செய்து மௌனமாயிருக்கலாம். பணிக்குப் பின் வரும் அந்த மௌனமே பத்தமடையார் காட்டிய யோகம். அதனை நாம் பிறந்த லயத்து வாசலிலிருந்தே தொடங்குவோமாக.