டாப்ளர் விளைவு யாருக்குச் சுமை?

பாடச்சுமையைக் குறைப்பதாகக் கூறித் தில்லியின் என்.சி.இ.ஆர்.டி. நிறுவனம் 2022இல் தன் பாடநூல்களிலிருந்து பல பகுதிகளை நீக்கியது. 10ஆம் வகுப்பில் பரிணாமக் கொள்கை நீக்கப்பட்டதை எதிர்த்து அறிவியலாளர்கள் கண்டனக் கடிதம் எழுதினர். 11ஆம் வகுப்பு இயற்பியலின் ‘அலைகள்’ இயலிலிருந்து டாப்ளர் விளைவு நீக்கப்பட்டதற்கோ அந்த அளவுக்குக் குரல் எழவில்லை. எழுந்திருக்க வேண்டும்.

“ஒரு சூத்திரம்தானே, போனால் என்ன?” என்போர் ஒரு கேள்விக்கு விடை கூறட்டும். ஊதியபடி சீரான வேகத்தில் நம்மை நோக்கி வரும் தொடர்வண்டியின் ஒலி அதிர்வெண், அது நெருங்க நெருங்க ஏறுகிறதா? கற்றவர்களிலும் பலர் ‘ஆம்’ என்பர். அது பிழை. வண்டியின் வேகம் மணிக்கு 108 கிலோமீட்டர், ஊதலின் அதிர்வெண் 400 ஹெர்ட்ஸ், ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் எனக் கொள்வோம். வண்டி தொலைவில் வரும்போதே நம் செவியை எட்டுவது ஏறத்தாழ 439 ஹெர்ட்ஸ். கடந்து வெகுதூரம் சென்றபின் 368. இடையில் அது இறங்குமேயன்றி ஒருபோதும் ஏறுவதில்லை. ஏறுவது உரப்பு மட்டுமே. உரப்பின் ஏற்றத்தைச் சுருதியின் ஏற்றமாகச் செவி மயங்கிக் கொள்வதை உளவியலாளர்கள் நியூஹாஃபும் மெக்பீத்தும் 1996இல் ஆய்ந்து காட்டினர்.

பேச்சொலியை ஆராயும் எங்களுக்கு இது அற்பச் செய்தியன்று. அதிர்வெண் அளக்கப்படுவது, சுருதி உணரப்படுவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு முதுகலைக்கு வரும் மாணவர், குரலின் ஏற்ற இறக்கத்தை ஆராயத் தொடங்கிய அன்றே தடுமாறுவார்.

ஆய்வகம் இல்லாத பள்ளிக்கும் இது எட்டாத பாடமன்று. 1845இல் நெதர்லாந்தில் பைஸ் பாலட் இவ்விளைவைச் சோதித்தபோது, ஓடும் ரயிலில் கலைஞர்கள் கொம்பு ஊதினர்; இருப்புப்பாதையோரம் நின்ற இசைவாணரின் செவியே அளவுகோலாயிற்று. நம் மாணவருக்கு ஒரு ரயில்வே கேட் போதும்.

தில்லி லோதி சாலையிலுள்ள வானிலைத் துறை, மேகங்களின் நகர்வை டாப்ளர் ரேடாரைக் கொண்டே அறிகிறது. அது செலுத்துவது ஒலியலையன்று, தத்துவம் இதுவே. தமிழ்நாட்டுப் பாடநூலோ இதனை 10ஆம் வகுப்பிலேயே கற்பிக்கிறது. அங்கே பத்தாம் வகுப்பினர் சுமப்பதைப் பதினோராம் வகுப்பினர் சுமக்க இயலாதா?

மனப்பாடச் சூத்திரம் சுமையெனில் அதை மட்டும் நீக்குங்கள். நிகழ்வை மீண்டும் சேருங்கள். தன் செவியையே ஐயுற்றுச் சரிபார்க்கக் கற்பிக்கும் பாடங்கள் பள்ளியில் மிகச் சில. அவற்றுள் ஒன்றை இழந்திருக்கிறோம்.