திகதியில்லாத யோசனைகள்

பத்திரிகைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது பழையதாகும்போது பழையதென்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். தாள் மஞ்சளாகும், மருதானைச் சந்தியில் கடலை சுற்றப் பயன்படும், பக்கத்தின் தலையில் திகதி இருக்கும். இணையப் பக்கத்துக்கு இந்தக் குணம் வாய்க்கவில்லை. பதினைந்து வருடங்களுக்கு முன் எழுதப்பட்டதும் நேற்று எழுதப்பட்டதும் ஒரே பளபளப்புடன் திரையில் நிற்கின்றன.

இதனால் விளையும் தொல்லைக்கு மடிக்கணனியின் டச்பேட் ஓர் உதாரணம். 2025 ஒக்ரோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு முடிவுற்றது. புதுக்கணனி வாங்க வசதியற்ற மாணவருக்கும் சிறு அலுவலகங்களுக்கும் லினக்ஸ் ஒரு நல்ல மாற்றுவழி. ஆனால் தட்டச்சுச் செய்யும்போது உள்ளங்கை டச்பேட்டில் பட்டு, எழுதிய வாக்கியத்தின் மீதி வேறொரு பந்தியில் போய் விழுந்தால், புதியவர் இணையத்தில் தீர்வு தேடுவார். அங்கே ஜிசினாப்டிக்ஸ் என்ற மென்பொருளை நிறுவும்படி சொல்லும் பழைய குறிப்புகள் இன்னமும் காத்திருக்கின்றன.

அந்த மென்பொருள் கைவிடப்பட்டு நெடுங்காலமாகிறது. அது இயங்குவதற்குக் கணனியின் நினைவகத்தில் ஒரு பகுதியைப் பொதுவாகத் திறந்துவிட வேண்டியிருந்தது. பலர் பயன்படுத்தும் கணனிக்கு அது பாதுகாப்பானதல்ல என்று சினாப்டிக்ஸ் இயக்கியின் கையேடே எச்சரித்தது. அதன் இடத்துக்கு வந்த இன்னொரு மென்பொருளும் பின்னர் கைவிடப்பட்டது.

இன்று அந்தப் பொறுப்பு லிப்இன்புட் என்பதிடம் உள்ளது. அதன் 1.0 பதிப்பு 2015 இல் வெளியானது. 2016 இல் வந்த க்னோம் 3.20 டெஸ்க்டொப் அதையே நம்பி அமைக்கப்பட்டது. முன்னர் தனியொரு நிரலை ஓடவிட்டுப் பெற்ற வசதி, அதாவது தட்டச்சின்போது டச்பேட்டை முடக்குவது, இப்போது தொடக்கத்திலேயே இயங்குகிறது. விரலால் தட்டிச் சொடுக்கும் வசதி சில கணனிகளில் அணைந்திருக்கலாம். டெஸ்க்டொப் அமைப்புகளில் அதனை இயக்கிக்கொள்ளலாம். பழைய குறிப்பை நம்பி சினாப்டிக்ஸ் இயக்கியை நிறுவினால், எக்ஸ் சூழலில் அது லிப்இன்புட்டை முந்திக்கொள்ளும். க்னோமின் டச்பேட் அமைப்புகள் அதன்பின் பயனற்றுப்போகும். தீர்வு தேடியவருக்கு நோய்தான் மிஞ்சும். அவர் குறிப்பைக் குறைசொல்ல மாட்டார். லினக்ஸ் சரிவராது என்றே முடிவு கட்டுவார்.

மென்பொருளை ஒருவர் கைவிடுவது குற்றமல்ல. திறந்த மூல உலகில் ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்து மேலும் நன்றாகச் செய்கிறார். குறிப்பு எழுதியவர்கள்தாம் அந்தக் கைமாற்றத்தைக் கவனிக்கவில்லை. தமிழில் இத்தகைய வழிகாட்டல்கள் மிகச் சில. ஆகவே ஒன்று பிழைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க மற்றொன்று கிடைப்பது அரிது.

தொழில்நுட்பம் எழுதும் நண்பர்களிடம் நான் கேட்பது பத்திரிகைத் தொழிலின் பால பாடத்தைத்தான். எழுதும்போது திகதியையும் பதிப்பு எண்ணையும் தலையில் போடுங்கள். சொன்ன மென்பொருள் செத்துவிட்டால், பக்கத்தை அழிக்க வேண்டாம். மேலே ஒரு வரி திருத்தம் சேருங்கள். வாசகர் நம்மை நம்பித் தம் கணனியில் கைவைக்கிறார். அந்த நம்பிக்கைக்கு ஒரு வரி பெரிய விலையல்ல.