கை பத்தவில்லை என்று பிள்ளையை நிறுத்தாதீர்கள்



நீளமான பதிவு. நேற்று ராத்திரி கோபத்தில் எழுதினேன். காலையில் எழுந்து படித்தபோதும் கோபம் குறையவில்லை. அதனால் போடுகிறேன்.

போன மாதம் என் தங்கை மகள் போன் செய்தாள். "பெரியம்மா, பாப்பாவை டான்ஸ் கிளாஸை விட்டு நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்றாள். பிள்ளைக்குப் பத்து வயது. நாலு வருஷமாகப் பரதநாட்டியம் கற்றுக்கொள்கிறது. ஏன் நிறுத்த வேண்டும்? போன வருஷம் தைத்த காஸ்ட்யூமில் கை ஏறவில்லையாம். ஆண்டு விழாவுக்குப் புதுசு தைத்தே ஆக வேண்டும் என்று வகுப்பில் சொல்லிவிட்டார்களாம். எட்டாயிரம் ரூபாய். துணிக்கடையில் கணக்கு எழுதும் பெண்ணுக்கு அது என்ன தொகை என்று உங்களுக்கே தெரியும்.

"அதை எடுத்துக்கிட்டு வா, பார்க்கிறேன்" என்றேன்.

வந்ததும் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். பைஜாமாவில் மடித்துத் தைத்த துணி மூன்று அங்குலம் இருந்தது, இறக்கிவிட்டால் போதும். விசிறி இடுப்பில் கட்டுவது, பின்துணியும் கட்டுவது. மேலாக்கில் ஒரு குறையும் இல்லை. ரவிக்கையின் பக்கவாட்டில் ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டிருந்தார்கள், பிரித்தால் இன்னும் இரண்டு வருஷம் வரும். பத்தாமல் போனது இரண்டு கைகள் மட்டும். புடவையின் ஜரிகைக் கரையை வெட்டி, உள்ளே நூலளவு துணிகூட விடாமல் தைத்த கைகள். மொத்தமாக அரை மீட்டர் துணி. அந்த அரை மீட்டருக்காக ஒரு பட்டு உடையைத் தூக்கிப் போட வேண்டும், முடியாவிட்டால் பிள்ளை ஆட்டத்தை விட வேண்டும். இது என்ன நியாயம்?

நான் 31 வருஷம் தையல் ஆசிரியையாக இருந்தவள். என் பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கிப் போவார், திருப்பித் தர மாட்டார். தையல் என்றால் அவ்வளவுதான் மரியாதை. ஆனால் இந்த விஷயத்தில் என் பேச்சைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். நடன உடையில் கையைக் கழற்றி மாட்டும்படி தைக்க வேண்டும். வளரும் பிள்ளைக்கு வேறு எப்படித் தைத்தாலும் அது அடுத்த வருஷத்துக்கான பில்.

"கையைப் பிரித்து வேறு கை வைத்துத் தைத்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். ஒரு தடவைக்குப் போதும். பட்டைப் பிரித்தால் ஊசி போன துளை அப்படியே நிற்கும். இரண்டாம் தடவை ஓரம் நூல் நூலாகப் பிரியும். மூன்றாம் தடவை கைக்குழியே போய்விடும். அதோடு வியர்வை. ஜரிகைப் பட்டை வீட்டில் துவைக்க முடியாது. ஆடுகிற பிள்ளைக்கு முதலில் நனைவது அக்குள். அந்த உப்பு காய்ந்து காய்ந்து பட்டு இற்றுப்போகும். கழற்ற முடிகிற கையாக இருந்தால், உள்ளே பருத்தி மல் துணி கொடுத்து, அந்த உள்துணியை மட்டும் எடுத்து அலசிப் போடலாம்.

நான் செய்ததைச் சொல்கிறேன். என்னிடம் படித்தவர்களில் தையல் கடை வைத்திருக்கும் நாலைந்து பேராவது இதைப் படிப்பீர்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

ரவிக்கையைக் கையில்லாத ரவிக்கையாகவே முடித்துவிட வேண்டும். கைக்குழியைச் சுற்றிக் கிராஸ் பீஸ் கொடுத்து, உள்ளே மடித்து, கையால் ஹெம்மிங் செய்ய வேண்டும். கைக்குழி அக்குளை ஒட்டி மேலேயே இருக்கட்டும். தாராளமாக இருக்கட்டும் என்று கீழே இறக்கி வெட்டினால், கையைத் தூக்கும்போது ரவிக்கையும் சேர்ந்து ஏறும். நாட்டியாரம்பத்தில் கை தோள் உயரத்துக்கு நீண்டு நிற்க வேண்டும், அதை மறக்காதீர்கள். கையின் மேல் வளைவையும் குறைவாக வெட்டுங்கள். வளைவு உயர்ந்தால் தொங்கவிட்ட கைக்கு அழகாக இருக்கும், தூக்கிய கைக்கு இழுக்கும்.

கையைத் தனியாக, உள்துணியோடு முழுசாக முடித்துவிடுங்கள். அது ரவிக்கை ஓரத்துக்கு அடியில் அரை அங்குலம் போகட்டும். தோள் உச்சியில் ஒரு கொக்கி, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இழுவை விழுகிற இந்த மூன்று இடத்துக்கும் கொக்கியும் நூல் கண்ணியும்தான். நடுநடுவே டிச் பட்டன். டிச் பட்டனை மட்டும் நம்பினால் மேடையில் டப்பென்று திறக்கும். அக்குளில் மூன்று அங்குலம் திறந்தே இருக்கட்டும். காற்றும் போகும், கையும் தாராளமாக ஏறும், இழுத்துக் கிழிவதற்குத் தையலும் இல்லை. சேஃப்டி பின் கிட்டேயே வரக்கூடாது.

பாப்பாவுக்குப் பச்சை நிறத்தில் பட்டும் பருத்தியும் கலந்த துணி அரை மீட்டர் வாங்கினேன். பழைய கரையையே அதில் வைத்துத் தைத்தேன். சுற்றளவுக்குப் பத்தாத இடத்தில், வெளியே தெரியாதபடி அக்குள் பக்கம் ஒரு துண்டு. இரண்டு மாலை வேலை, அவ்வளவுதான். சிவப்பு ரவிக்கைக்குப் பச்சைக் கை. புதுசு என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

வகுப்பில் மட்டும் நினைக்கவில்லை. "கை தனி, உடம்பு தனியா? இதெல்லாம் சம்பிரதாயத்தில் கிடையாது" என்று சொல்லி, பிள்ளையைக் கடைசி வரிசையில் நிறுத்தினார்கள்.

எது சம்பிரதாயம்? இன்று நீங்கள் தைத்துப் போடும் விசிறி வைத்த உடையே பழைய வழக்கம் இல்லை. முன்பு பைஜாமாவின் மேல் புடவையைச் சுற்றிக் கட்டித்தான் ஆடினார்கள். பாலசரஸ்வதி அம்மையாரின் படங்களைப் பாருங்கள், தெரியும். 1935-இல் அடையாறில் மேடையேறி, மறுவருஷம் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினாரே ருக்மிணி தேவி, அவர் காலத்தில் வந்த மாற்றம் அது. அதற்கு இத்தாலியப் பெண் தையற்காரர் ஒருவர் உதவினார். ஆடுகிற உடம்புக்கு வசதியாக உடையை மாற்றலாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்கள். தொண்ணூறு வருஷம் கழித்து ஒரு கொக்கியைப் பார்த்துத் தீட்டு என்றால் எப்படி?

இன்னும் பழைய வழக்கம் வேண்டுமென்றால் தெருக்கூத்துக்குப் போங்கள். புஜக்கட்டை, மார்புப் பதக்கம் என்று ஒவ்வொன்றாக உடம்பில் கட்டுகிறார்கள். இன்று ஒருவர் கட்டியதை நாளை இன்னொருவர் கட்டுவார். ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைத்தால் எந்தக் கூத்துக் குழு பிழைக்கும்? பிரித்துக் கட்டுவதும் பகிர்ந்து கட்டுவதும் நம் ஊர்க் கலைக்குப் புதுசே இல்லை.

எதிர்ப்பேச்சுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மேடையில் கை கழன்று விழுந்தால் அந்தப் பிள்ளைக்கு அவமானம் என்பது உண்மைதான். அரைகுறையாகத் தைத்தால் தைக்காமல் இருப்பதே மேல். துள்ளல் அதிகமான ஆட்டமாக இருந்தால், கொக்கி மாட்டிய பிறகு தடித்த நூலில் ஓர் ஓட்டுத் தையல் போட்டுவிடுங்கள். பத்து நிமிஷ வேலை. ஆடி முடிந்ததும் நூலை வெட்டி உருவிவிடலாம்.

"இரட்டை வேலை டீச்சர், கட்டுப்படியாகாது" என்று தையல்காரர்கள் சொல்வீர்கள். அதற்குத் தனியாகக் கூலி கேளுங்கள். புடவைக் கடையில் சொன்ன விலையை எண்ணி வைத்துவிட்டு, தையல் கூலியில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்கும் தாய்மார்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், கூலியைக் கொடுங்கள்.

நம் வீட்டு ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு அரங்கேற்றத்துக்கு மூன்று செட், நாலு செட் தைக்கிறோம். பிறகு அவை பீரோவில் நாப்தலின் உருண்டையோடு தூங்குகின்றன. இன்னொரு பிள்ளைக்குக் கொடு என்றால், "அவ கை குண்டு, இது ஏறாது" என்று பதில் வருகிறது. கை தனியாக இருந்தால் அந்தச் சாக்கு கிடையாது. அந்தப் பிள்ளைக்கென்று ஒரு ஜோடி கை தைத்துப் போட்டுக்கொள்ளலாம். தழும்பை மறைக்க முழங்கைவரை கை வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கும் கொடுக்கலாம். "அடுத்தவர் துணியா" என்று முகம் சுளிப்பவர்கள், நம் அம்மாக்கள் அக்கா பாவாடையில் தங்கையை வளர்த்ததை நினைத்துப் பாருங்கள்.

நடன ஆசிரியைகளே, உங்களில் சிலரும் என் மாணவிகள்தான். எல்லோரும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்கிறீர்கள், சரி. வருஷா வருஷம் கைகளை மட்டும் ஒரே நிறத்தில் தைக்கச் சொல்லுங்களேன். வரிசை அழகாகத்தான் இருக்கும். ஒரு பிள்ளையும் குறையாது.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாவிட்டால் மேலே எழுதியதற்கு அர்த்தமில்லை.

1994 ஆண்டு விழா. எட்டுப் பிள்ளைகள் குழு நடனம். ஒத்திகையில் ஒரு பெண் கையைத் தூக்கியதும் ரவிக்கைக் கை அக்குளில் கிழிந்தது. அக்காவுடைய பழைய ரவிக்கை. எல்லோரும் சிரித்தார்கள். பொறுப்பில் இருந்த டீச்சர், "வேற ஆளைப் போட்டுக்கலாம், நீ அடுத்த வருஷம் ஆடு" என்றார். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். என் பையில் ஊசியும் நூலும் இருந்தன. பக்கத்து அறையில் மெஷின் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. நமக்கு எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். அடுத்த வருஷம் அந்தப் பெண் பெயரே கொடுக்கவில்லை.

அம்மா, நீ இதைப் படிக்கிறாயா என்று தெரியாது. படித்தால், அன்று உன் கை பெரிசாக இல்லை, துணிதான் சின்னது. அதை அப்போதே எல்லோர் முன்னாலும் நான் சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

மற்றவர்களுக்கு: பீரோவில் தூங்கும் காஸ்ட்யூம் இருந்தால் என் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். கண் மங்கிவிட்டது, ஊசியில் நூல் கோக்க மட்டும் ஒரு ஆள் வேண்டும். கை நான் தைத்துத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தையல் டீச்சர்