பரிந்துரை போதாது, சட்டம் வேண்டும்

கடுமையான பிறவி இதயக் குறையுள்ள குழந்தைகளில் பலர் பிறந்த முதல் நாளில் கொழுகொழுவென்றுதான் இருப்பார்கள். நன்றாக அழுவார்கள், பால் குடிப்பார்கள். கருவில் ரத்தவோட்டத்துக்கு உதவிய ‘டக்டஸ்’ என்ற சிறு குழாய் பிறந்த பிறகும் சில நாள் திறந்திருந்து குறையை மறைத்துவிடும். அது மூடிக்கொள்ளும் வேளையில் தாயும் சேயும் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இந்த இடைவெளியைச் சட்டத்தால் அடைத்த முதல் அமெரிக்க மாநிலம் நியூ ஜெர்சி. 2011 ஆகஸ்ட் 31 முதல், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் ஆக்சிமீட்டர் சோதனை அங்கே கட்டாயமானது. குழந்தை பிறந்து 24 மணி நேரம் ஆனதும் வலது கையிலும் ஒரு பாதத்திலும் நர்ஸ் சென்சாரைச் சுற்றுகிறார். வலது கைக்கான ரத்தம் டக்டஸ் சேரும் இடத்துக்கு முன்பே பிரிந்துவிடும். காலுக்கான ரத்தம் அதைத் தாண்டித்தான் போகும். அதனால்தான் இரண்டு இடம். ரத்தத்தின் ஆக்சிஜன் அளவான சாச்சுரேஷன் 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உடனே டாக்டர் வர வேண்டும். 95-ஐத் தொடாவிட்டாலோ, கைக்கும் காலுக்கும் வித்தியாசம் 3-க்கு மேல் போனாலோ மறுசோதனை. ஊசி இல்லை, வலி இல்லை. சில நிமிட வேலை.

முதல் ஒன்பது மாதங்களில் 72,694 குழந்தைகளைச் சோதித்தார்கள். தேறாதவர்கள் 49 பேர். அவர்களில் 30 பேருக்கு இந்தச் சோதனை ஒன்றை வைத்தே மேல்பரிசோதனை நடந்தது. அதுவரை யாரும் சந்தேகிக்காத கடும் இதயக் குறை மூவருக்கு இருந்தது. மூன்று பேருக்காக இத்தனை பாடா என்று கேட்பவர்களுக்கு, 2017-இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்த ஆய்வு பதில் சொல்கிறது. சோதனையைக் கட்டாயமாக்கி நடைமுறைப்படுத்திய எட்டு மாநிலங்களில், கடும் இதயக் குறையால் நேரும் ஆரம்பகாலச் சிசு மரணங்கள் சுமார் 33% குறைந்திருந்தன. விருப்பமிருந்தால் செய்யலாம் என்று விட்டிருந்த மாநிலங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கருவி ஒன்றுதான், மருத்துவ அறிவும் ஒன்றுதான், கட்டாயம்தான் வித்தியாசம்.

சிகிச்சையில் சாதனைகளுக்குக் குறைவில்லை. நுரையீரல் தமனி சரியாக உருவாகாமல், மகாதமனியிலிருந்து தாறுமாறாகக் கிளைத்த குழாய்கள் வழியே நுரையீரலுக்கு ரத்தம் போகும் அரிய குறை ஒன்று உண்டு. கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஸ்டான்போர்டு குழந்தைகள் மருத்துவமனையின் பிராங்க் ஹேன்லி, அந்தக் குழாய்களை ஒன்றிணைத்துத் தைக்கும் அறுவை சிகிச்சையால் உலகப் புகழ் பெற்றார். ஆனால் எந்த நிபுணரானாலும், குழந்தை உயிரோடு வந்து சேர்ந்தால்தானே கத்தியை எடுக்க முடியும்?

இந்தச் சோதனை எல்லாவற்றையும் பிடித்துவிடாது. மகாதமனிச் சுருக்கம் சில சமயம் தப்பிவிடும். கறுத்த தோலில் ஆக்சிமீட்டர் உண்மையைவிடக் கூடுதல் எண் காட்டக்கூடும் என்ற எச்சரிக்கையும் நமக்கு முக்கியம். ஆகவே நார்மல் என்று வந்தாலும் பால் குடிக்கையில் குழந்தைக்கு மூச்சு வாங்கினால், வியர்த்துக் கொட்டினால், எக்கோ எடுக்கத் தயங்கக் கூடாது.

நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் பிறக்கும் தமிழ்க் குழந்தைக்குத் தானாகக் கிடைப்பது தர்மபுரியில் பிறக்கும் குழந்தைக்கும் கிடைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. எனவே எந்தக் குழந்தையையும் தேடிப் போக வேண்டியதில்லை. அரசு, தனியார் பேதமின்றி இந்தச் சோதனையின் எண்களைப் பதியாமல் டிஸ்சார்ஜ் இல்லை என்று சட்டம் சொல்லட்டும். டக்டஸை மூடவிடாமல் வைத்திருக்கும் புரோஸ்டாகிளான்டின் மருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் எப்போதும் கைவசம் இருக்கட்டும். குழந்தையை இதய அறுவை மையத்துக்குக் கொண்டுசேர்க்கும் ஆம்புலன்ஸ் ஏற்பாட்டையும் அதே சட்டத்தில் எழுதிவிட வேண்டும். கண்டுபிடித்துவிட்டுக் கைவிடுவது, கண்டுபிடிக்காமல் இருப்பதைவிடக் கொடுமை.