ஆறு சில்லு வேணுமா அண்ணை?

எங்கட குசினியில் என்னோடு நிற்கிற அண்ணை ஒருத்தர் இருபது வருசமாய்ச் சேர்த்த காசில் பிக்கப் வாங்கப் போகிறார். சமையல் ட்ரெயிலர் ஒன்றுக்கு முற்பணம் கட்டியாகிவிட்டது. கோடையில் ரொறன்ரோவைச் சுற்றி நடக்கிற திருவிழாக்களில் கொத்துரொட்டி போடுகிற திட்டம். என்னையும் கூப்பிட்டிருக்கிறார். ஆகவே இதில் எனக்கும் வயிற்றுப்பாடு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிரச்சினை என்னவென்றால், பின்னுக்கு இரட்டைச் சில்லா, ஒற்றைச் சில்லா? ஃபோர்ட் எஃப்-350, ராம் 3500, சில்வராடோ 3500 எல்லாமே இரண்டு விதமாயும் வருகின்றன. இரட்டையென்றால் பின்னுக்கு நாலு ரயர், மொத்தம் ஆறு. "தம்பி, ஒண்டு வெடிச்சாலும் பக்கத்தில மற்றது நிக்கும்." அண்ணையின் ஒரே வாதம் இதுதான்.

அவர் சும்மா சொல்லவில்லை. 2019 இல் இரவல் பிக்கப் ஒன்றில் கலியாணவீட்டுச் சாப்பாடு கொண்டுபோகும்போது 401 இல் பின் ரயர் வெடித்தது. நானும் உள்ளுக்குள் இருந்தேன். வண்டி இரண்டு தரம் வாலை ஆட்டிவிட்டுக் கரையில் போய் நின்றது. சாம்பார் முழுக்க றோட்டில். அண்ணை கனநேரம் ஸ்டியரிங்கை விட்டுக் கை எடுக்கவில்லை.

ஆனால் அது ஏன் வெடித்தது? சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று அதில் எழுதியிருக்கும். அந்தச் சின்ன வண்டிக்கு எழுநூறு கிலோவுக்குக் கிட்ட. நாங்கள் ஐந்து பேரே நானூறு கிலோ! பிறகு சோறு, கறி, அண்டா, அடுப்பு, பின்னால் கொளுவின ட்ரெயிலர் வேறு. ரயரில் காற்று காணுமோ என்று ஒருத்தரும் பார்க்கவுமில்லை. சில்லின் எண்ணிக்கையில் பழி போடுவது சுகம், எங்களில் பழி வராது.

இனிக் கணக்குக்கு வருவோம். தண்ணீர், காஸ், ஜெனரேற்றர் எல்லாம் ஏற்றி எங்கட ட்ரெயிலர் 3,000 கிலோ வருமென்று வையுங்கள். அதில் பத்திலிருந்து பதினைந்து வீதம்தான் கொளுவியில் குந்தும். அதாவது 300 முதல் 450 கிலோ. ஒற்றைச் சில்லு 350 பெரும்பாலும் 1,500 கிலோவுக்கு மேல் சுமக்கும். மிச்சத்தில் நாங்கள் ஐந்து பேரும் சாமானும் தாராளமாய் ஏறலாம். ஏழெட்டுத் தொன் ட்ரெயிலரைப் பெட்டிக்கு நடுவில் பாரம் விழக் கொளுவுகிறவருக்கு, குறுக்குக் காற்றில் நாள் முழுக்க இழுக்கிறவருக்கு, இரட்டைதான் சரி. நாங்கள் அவர்களில்லை.

இன்னொன்று பனி. யாழ்ப்பாணத்தில் நான் பௌதிகம் படித்தது இரண்டாம் வருசம் மட்டும்தான், 2006 இல் ஏ9 பாதை பூட்டினதோடு அதுவும் சரி. ஆனால் விசையைப் பரப்பால் பிரித்தால் அழுத்தம் என்பது மறக்கவில்லை. வெறும் வண்டியின் பின்பாரம் நாலு ரயரில் பிரிந்தால் ஒவ்வொன்றும் பனியை அமத்துவது குறைவு. அதோடு பின் சில்லு முன் சில்லின் தடத்திலும் ஓடாது, புதுப் பனியை உழுதுகொண்டு வரும். எட்டடி அகலத்தை ஸ்காபரோ பிளாசா ஒன்றில் நிறுத்திப் பாருங்கள், அண்ணைக்கு அது தனிப் பாடம்.

எனக்கு உண்மையில் பயம் உள் ரயரில்தான். வெளி ரயர் அதை மறைத்து நிற்கும். அதில் காற்றுப் போனாலும் வண்டி சாயாது, வெளியில் உள்ளது இரண்டின் பாரத்தையும் சுமந்து சூடாகும், பிறகு அதுவும் போகும். ஊரில் லொறிக் கிளீனர் பெடியன் நிற்கிற இடமெல்லாம் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு ரயராய்த் தட்டிச் சத்தம் கேட்பான். குளிரில் இரவு பதினொரு மணிக்குக் குசினி பூட்டிவிட்டு வருகிற நாங்களா குனிந்து தட்டப் போகிறோம்? 2019 இல் நாலையே பார்க்கவில்லை.

இதையெல்லாம் நேற்றுச் சொன்னேன். அண்ணை வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. கடைசியில், "சரி, முதல்ல ட்ரெயிலரை நிறுத்துப் பாப்பம்" என்றார். லொறி நிறுக்கிற தராசுக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.